ஆளுநர் கையெழுத்தும் மக்கள் பணமும்

2026 ஜனவரி 22. பெங்களூரு விதான சவுதாவில் பேரவையும் மேலவையும் ஒன்றாகக் கூடியிருந்தன. ஆளுநர் தாவர்சந்த் கெலாட் வந்தார். ஆண்டின் முதல் கூட்டத்தில், அரசு எழுதிக் கொடுத்த உரையை ஆளுநர் படிக்க வேண்டும். அது பல பக்கம் நீளும். கெலாட் ஓரிரு வரிகளோடு நிறுத்திக்கொண்டார். மாநிலத்தின் வளர்ச்சி வேகத்தை இரட்டிப்பாக்குவதில் தமது அரசு உறுதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஜெய்ஹிந்த், ஜெய் கர்நாடகா என்று முடித்து வாசலை நோக்கி நடந்தார். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் கோஷம் போட்டார்கள். சிலர் வழிமறிக்கவும் பார்த்தார்கள். ஆளுநர் அரசமைப்பை மீறிவிட்டார் என்று முதல்வர் சித்தராமையா சொன்னார். ஆளுநரின் வாயில் அரசியலைத் திணிக்கப் பார்த்தது அரசுதான் என்று பா.ஜ.க. திருப்பி அடித்தது.

அந்த வாரம் இது புதிதல்ல. இரண்டு நாள் முன்பு சென்னையில் ஆளுநர் ஆர்.என். ரவி உரையைப் படிக்காமலே வெளியேறினார். அதே நாள் திருவனந்தபுரத்தில் ஆளுநர் ராஜேந்திர அர்லேகர் சில பகுதிகளை விட்டுவிட்டுப் படிக்க, விட்டுப்போனதை முதல்வர் பினராயி விஜயன் எழுந்து படித்தார். மூன்று தென்மாநிலத் தலைநகரங்களிலும் கிட்டத்தட்ட ஒரே காட்சி. தொலைக்காட்சிகளுக்குக் கொண்டாட்டம், வெளிநடப்பு, கோஷம், கண்டனம் என்று நாள் முழுக்க ஓடியது.

பெங்களூரில் முந்தின நாள் நடந்ததைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். உரையில் 11 பத்திகள் ஆளுநருக்குப் பிடிக்கவில்லை. அவற்றை நீக்கச் சொன்னார். சட்ட அமைச்சர் எச்.கே. பாட்டீல் தலைமையில் ஒரு குழு ஆளுநர் மாளிகைக்குப் போய்ப் பேசியது. மாளிகையும் விதான சவுதாவும் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் பேச்சு முடிவுக்கு வரவில்லை. வார்த்தைகளைக் கொஞ்சம் மாற்றலாம், விஷயத்தை எடுக்க முடியாது என்பது அரசின் நிலை. மத்திய அரசைக் குறை சொல்லும் உரையைத் தன் வாயால் படிக்க முடியாது என்பது ஆளுநரின் நிலை.

அந்தப் பத்திகளில் முக்கியமானவை பணத்தைப் பற்றியவை. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தை நீக்கிவிட்டு, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பழைய திட்டத்தில் கூலிப் பணம் முழுக்க மத்திய அரசுடையது. பொருள் செலவில் முக்கால் பங்கும் டெல்லி கொடுக்கும். புதிய சட்டம் 125 நாள் வேலை என்கிறது. ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவீதத்தைத் தாங்களே போட வேண்டும். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று டெல்லி வரையறுக்கும். அதற்கு மேல் போனால் மாநிலத்தின் பாடு. கலபுரகியிலும் ராய்ச்சூரிலும் கோடையில் கூலி வேலைக்குப் போகிற ஒரு குடும்பத்துக்கு இது சோற்றுப் பிரச்சினை. மாநில நிதித்துறைக்கு, அடுத்த பட்ஜெட்டில் அதுவரை இல்லாத ஒரு பெருஞ்செலவு.

அந்தப் 11 பத்திகளை ஒட்டி நடந்தது பட்ஜெட் சண்டைதான். பட்ஜெட் தாக்கலாவதற்கு முன்பே, வேறொரு பெயரில் அது நடந்தது.

மூன்று கதவுகள்

மாநிலத்தின் பணத்தில் ஆளுநருக்கு என்ன அதிகாரம்? சுருக்கமாகச் சொன்னால், சொந்தமாக ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாம் அவர் பெயரில்தான் நடக்கிறது. சட்டமன்றத்தைக் கூட்டுவது அவர். மானியக் கோரிக்கைகளும் நிதி மசோதாக்களும் அவர் பரிந்துரை இல்லாமல் அவைக்குள் வர முடியாது. அவை நிறைவேற்றிய மசோதா அவர் கையெழுத்தில்தான் சட்டமாகிறது. மூன்று கதவுகள், மூன்றிலும் அவருடைய முத்திரை. ஒவ்வொன்றிலும் அமைச்சரவை சொல்கிறபடிதான் நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1974-ல் சம்ஷேர் சிங் வழக்கிலேயே தெளிவாக்கிவிட்டது. பண மசோதாவை அவர் திருப்பி அனுப்பக்கூட முடியாது என்று அரசமைப்பின் 200-ஆவது பிரிவு எழுத்து மாறாமல் சொல்கிறது.

இருந்தும் கதவை ஒரு வாரம் சாத்தி வைத்தாலே போதும், அரசு கையைப் பிசையும். அதுதான் நம் மாநிலங்களில் நடந்துகொண்டிருக்கிறது.

முதல் கதவு பஞ்சாபில் அடைபட்டது. 2023 மார்ச் 3 அன்று பட்ஜெட் கூட்டத்தொடர் தொடங்க வேண்டும் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. முதல்வர் பகவந்த் மான் எழுதிய கடிதமும் போட்ட ட்வீட்டும் தன்னை அவமதித்தன என்று சொல்லி, சட்ட ஆலோசனை கேட்ட பிறகே முடிவு செய்வேன் என்றார் ஆளுநர் பன்வாரிலால் புரோகித். நம் தமிழ்நாட்டில் நான்கு ஆண்டு ஆளுநராக இருந்தவர்தான். பிப்ரவரி 28 அன்று வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, கூட்டத்தொடருக்கு உத்தரவு போட்டாகிவிட்டது என்று ஆளுநர் தரப்பு சொன்னது. தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு இரு தரப்பையும் கண்டித்தது: முதல்வரின் தொனி சரியில்லை, ஆனால் அதைக் காரணம் காட்டி ஆளுநர் தன் கடமையைத் தவிர்க்க முடியாது.

இரண்டாவது கதவு தெலங்கானாவில். அங்கே ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன். 2022-ல் சந்திரசேகர ராவ் அரசு ஆளுநர் உரையே இல்லாமல் பட்ஜெட் கூட்டத்தை நடத்தியது. அடுத்த ஆண்டு, பட்ஜெட்டைத் தாக்கல் செய்ய ஆளுநரின் ஒப்புதல் வரவில்லை என்று அந்த அரசே உயர் நீதிமன்றத்துக்கு ஓடியது. 2023 ஜனவரி 30 காலையில் வழக்கு. தலைமை நீதிபதி உஜ்ஜல் புயான், நீதிமன்றம் இதில் எப்படித் தலையிடுவது என்று கேட்டு, இரு தரப்பு வழக்கறிஞர்களும் உட்கார்ந்து பேசித் தீர்க்கப் பாருங்கள் என்றார். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஆளுநர் உரையோடு கூட்டத்தொடர் தொடங்கும். அவர் பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவார். பிப்ரவரி 3 அன்று உரை, 6 அன்று நிதியமைச்சர் ஹரீஷ் ராவின் பட்ஜெட்.

ஆளுநரை அவையிலிருந்து ஒதுக்கியது அரசு செய்த தவறு. அது நாகரிகமும் இல்லை. ஆனால் ஒரு மாநிலத்தின் முழு ஆண்டு வரவு செலவு, ஒரு மதிய இடைவேளையில் இரண்டு வழக்கறிஞர்கள் பேசி முடிக்கிற பேரமாக மாறியது எனக்கு ஆறவே இல்லை. கையெழுத்துக்குப் பதில் மரியாதை என்பது அரசமைப்பில் எங்கும் இல்லாத பண்டமாற்று.

கேரளத்தில் விலை வேறு மாதிரி இருந்தது. 2022 பிப்ரவரியில், பட்ஜெட் கூட்டத்தொடருக்கு முன்பான உரையில் கையெழுத்துப் போட ஆளுநர் ஆரிப் முகமது கான் மறுத்தார். அவருடைய அலுவலக நியமனம் ஒன்றில் அரசின் அதிருப்தியைத் தெரிவித்துக் கடிதம் எழுதிய மூத்த அதிகாரி மாற்றப்பட்டார். அதன் பிறகே கையெழுத்து வந்தது.

இந்த இடத்தில் அமெரிக்காவை இழுப்பவர்கள் உண்டு. அங்கே மாநில ஆளுநர் பட்ஜெட்டை மறுப்பதும், சட்டமன்றத் தலைவர்களோடு மாதக்கணக்கில் பேரம் பேசுவதும் சாதாரணம். இலினாய் மாநிலத்தில் ஆளுநர் புரூஸ் ரவுனரும் பேரவைத் தலைவர் மைக்கேல் மேடிகனும் முரண்டு பிடித்ததில், 2015 ஜூலை முதல் 2017 ஜூலை வரை முழுமையான பட்ஜெட்டே இல்லாமல் அந்த மாநிலம் தள்ளாடியது. பல்கலைக்கழகங்களும் சமூக சேவை அமைப்புகளும் பணம் இல்லாமல் திண்டாடின. கடைசியில் ஆளுநரின் மறுப்பைச் சட்டமன்றம் வாக்கெடுப்பில் முறியடித்தது. ஆனால் ரவுனர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். அடுத்த ஆண்டே தேர்தலில் மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நம் ஆளுநரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. யாரும் தோற்கடிக்கவும் முடியாது. ஓட்டுக் கேட்டு வராதவருக்குப் பணப்பெட்டி மேல் பேரம் பேசும் உரிமை எங்கிருந்து வரும்?

மூன்றாவது கதவு, கையெழுத்து. தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஆளுநருக்குக் காலக்கெடு விதித்தது. குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் பதில் சொன்னபோது அந்தக் காலக்கெடு போய்விட்டது. ஆனால் காரணமே சொல்லாமல் மசோதாவை முடிவில்லாமல் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்பது நின்றது. கர்நாடகத்தில் இந்தக் கதவில் ஒரே மாதிரி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கெலாட் 2025 பிப்ரவரியில் நுண்கடன் அவசரச் சட்டத்தைத் திருப்பி அனுப்பினார். அரசு விளக்கம் கொடுத்ததும் சில நாளிலேயே கையெழுத்திட்டார். பெங்களூரைப் பல மாநகராட்சிகளாகப் பிரிக்க வழி செய்யும் மசோதாவிலும் முதலில் கேள்வி, பிறகு ஒப்புதல். இப்படிக் கேட்பது ஆளுநரின் வேலைதான்; யாரும் தப்புச் சொல்ல முடியாது. அரசு ஒப்பந்தங்களில் முஸ்லிம்களுக்கு 4 சதவீத ஒதுக்கீடு தரும் மசோதாவையோ அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார்.

கட்சி மாறும், காட்சி மாறாது

பெங்களூரு ஆளுநர் மாளிகை மார்க் கப்பன் காலத்தில், 1840-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் அதிகாரிகள் இருந்து மைசூர் சீமையை ஆண்ட இடம். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த மாளிகை, விதான சவுதாவில் உட்கார்ந்திருக்கும் ஆட்சியைப் பலமுறை ஆட்டிப் பார்த்திருக்கிறது.

1989 ஏப்ரலில் ஜனதா தள முதல்வர் எஸ்.ஆர். பொம்மை, பெரும்பான்மையை அவையில் நிரூபிக்கிறேன், கூட்டத்தை உடனே கூட்டுங்கள் என்றார். ஆளுநர் வெங்கடசுப்பையா அவைக்கு விடவில்லை. ஏப்ரல் 21 அன்று ஆட்சி கலைந்தது. பெரும்பான்மையை அவையில்தான் எண்ண வேண்டும், ஆளுநர் மாளிகையில் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் சொன்னது. இன்று இந்தியாவில் எந்த மாநிலத்தில் ஆட்சி ஆடினாலும் எடுத்துப் பேசுகிற தீர்ப்பு, பெங்களூரில் பிறந்தது.

2010, 2011-ல் முதல்வர் பா.ஜ.க.வின் எடியூரப்பா, ஆளுநர் காங்கிரஸ்காரரான எச்.ஆர். பரத்வாஜ். எடியூரப்பா மீது வழக்குத் தொடர ஆளுநர் அனுமதி கொடுத்ததும், ஆளுங்கட்சியே மாநிலம் முழுக்க பந்த் அறிவித்தது. ஆளுநர் மாளிகை டெல்லியின் ஏஜென்டாகிவிட்டது என்று அன்று முழங்கியது பா.ஜ.க.; ஆளுநருக்கு அதிகாரம் உண்டு என்று வாதாடியது காங்கிரஸ். 2024 ஆகஸ்டில் சித்தராமையா மீது மைசூரு மனை விவகாரத்தில் விசாரணைக்கு கெலாட் அனுமதி தந்தபோது வசனங்கள் அப்படியே கைமாறின.

2019 ஜூலை: நாள் எண்ணிய கஜானா

பணமும் ஆளுநரும் சட்டமன்றமும் ஒன்றாக முட்டிக்கொண்டது 2019 ஜூலையில். அந்த மூன்று வாரங்களை மக்கள் குதிரை பேரமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். மும்பை ஓட்டல், ராஜினாமா, கொறடா உத்தரவு என்று ஓடிய கதைக்கு அடியில் கஜானாவின் கதை ஒன்று இருந்தது.

காங்கிரஸ் கூட்டணியோடு ஆண்ட முதல்வர் குமாரசாமி அந்த ஆண்டு பிப்ரவரி 8 அன்று ரூ.2,34,153 கோடி பட்ஜெட்டைத் தாக்கல் செய்திருந்தார். ஆனால் அவை ஒப்புதல் கொடுத்திருந்தது ஜூலை 31 வரையிலான செலவுக்கு மட்டும். அதற்குள் நிதி மசோதா நிறைவேறியாக வேண்டும். கூட்டத்தொடர் ஜூலை 12 அன்று தொடங்குவதற்குள், மாத முதல் வாரத்திலேயே ஆளும் கூட்டணி உறுப்பினர்கள் கொத்தாக ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார்கள். இனி அவையில் எந்த ஓட்டு நடந்தாலும் அரசு விழும். நிதி மசோதா தோற்றாலும் அரசு விழும். மசோதாவை எடுக்கவும் முடியவில்லை, எடுக்காமலும் முடியவில்லை.

ஜூலை 18 அன்று குமாரசாமி நம்பிக்கைத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். விவாதம் இழுத்தது, வேண்டுமென்றே இழுத்தார்கள். ஆளுநர் வஜுபாய் வாலா, மறுநாள் பிற்பகல் 1.30 மணிக்குள் பெரும்பான்மையை நிரூபியுங்கள் என்று முதல்வருக்கு எழுதினார். நேரம் கடந்ததும் அன்றைக்குள் முடியுங்கள் என்று இன்னொரு கடிதம். அவை நடந்துகொண்டிருக்கும்போது அதற்குக் கெடு வைக்க ஆளுநருக்கு அதிகாரம் உண்டா என்று அவைக்குள் கொதித்தார்கள். பேரவைத் தலைவர் ரமேஷ் குமார் தன் கையில் இருந்த நடவடிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆளுநர் கடிதத்துக்கு அவை பணியவில்லை என்பதை நான் மதிக்கிறேன். அதே சமயம், தோற்பது உறுதி என்று தெரிந்த பிறகும் நாட்களை விழுங்கிக்கொண்டிருந்த ஆளுங்கட்சியை மன்னிக்க முடியவில்லை. கஜானாவுக்கு மிச்சம் இருந்தது பத்துப் பன்னிரண்டு நாள்.

அரசுப் பணம் எப்படி வெளியே போகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் இந்த அவசரம் புரியும். ஒரு தாலுகா மருத்துவமனையின் சம்பளப் பட்டியலை அங்குள்ள அலுவலர் மாதக் கடைசி வாரத்தில் கஜானே-2 என்ற கருவூலக் கணினியில் ஏற்றுவார். அந்தச் செலவுக்கான கணக்குத் தலைப்பில், அவை அனுமதித்த தொகை இருக்க வேண்டும். இருந்தால் பட்டியல் பாஸ் ஆகும். அவையின் அனுமதி முடிந்துபோனால் பணம் வங்கியில் கிடந்தாலும் எடுக்க முடியாது; சட்டமன்றம் ஒதுக்காத ஒரு ரூபாய்கூட வெளியே போகக் கூடாது என்பது அரசமைப்பு விதி. நர்ஸ் சம்பளம், ஆசிரியர் சம்பளம், விதவை உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அதே விதிதான்.

ஜூலை 23 அன்று 99-க்கு 105 என்று அரசு கவிழ்ந்தது. 26-ஆம் தேதி எடியூரப்பா பதவியேற்றார். 29-ஆம் தேதி, திங்கட்கிழமை, குரல் வாக்கெடுப்பில் நம்பிக்கை பெற்றார். உடனே அடுத்த வேலை: முந்தைய அரசு தயாரித்து வைத்திருந்த நிதி மசோதாவை எடுத்து அவையில் வைத்தார். யாரும் விவாதிக்கவில்லை. நிறைவேறியது. அது முடிந்ததும் ரமேஷ் குமார் பேரவைத் தலைவர் பதவியிலிருந்து விலகினார். கெடு தீர இரண்டு நாள் இருந்தது.

ஒரு அரசு தயாரித்த நிதி மசோதாவை, அந்த அரசைக் கவிழ்த்த கட்சியே நிறைவேற்றியது பொறுப்பான செயல். சம்பளம் நிற்கவில்லை, மாநிலம் முடங்கவில்லை. ஆனால் மக்கள் பணத்தை ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒதுக்கிக் கொடுத்த நாளும் அதுதான். எல்லாக் கட்சிக்காரர்களும் மூன்று வாரம் பேசினார்கள். பணத்தைப் பற்றிப் பேசத்தான் நேரம் இல்லாமல் போனது.

ஏழு கிலோவா, ஐந்து கிலோவா

பட்ஜெட்டில் பேரம் கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்ஜெட்டே பேரம்தான். யார் பேசுகிறார்கள், யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதே கேள்வி. பெங்களூரில் நல்ல பேரத்துக்கும் உதாரணம் இருக்கிறது.

2018 மே தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. எடியூரப்பாவின் சில நாள் ஆட்சிக்குப் பிறகு காங்கிரஸ் ஆதரவில் குமாரசாமி முதல்வரானார். விவசாயக் கடன் தள்ளுபடி என்று வாக்குக் கொடுத்திருந்தவர். புது பட்ஜெட் போட வேண்டும் என்றார். பிப்ரவரியில்தான் சித்தராமையா பட்ஜெட் போட்டிருந்தார். இன்னொன்று எதற்கு என்று அவருக்கு வருத்தம். உஜிரே இயற்கை மருத்துவ மையத்தில் சிகிச்சைக்குப் போயிருந்தவர் அதைத் தன் ஆட்களிடம் சொன்னது வீடியோவாக வெளியே வந்து, கூட்டணி ஆட்டம் கண்டது. பிறகு உட்கார்ந்து பேசினார்கள். ஜூலை 5 அன்று குமாரசாமி புது பட்ஜெட்டைப் படித்தார்: ரூ.34,000 கோடி கடன் தள்ளுபடி. அதை ஈடுகட்ட பெட்ரோல், டீசல் வரியை ஏற்றினார். அன்னபாக்யா ரேஷன் அரிசியை ஆளுக்கு 7 கிலோவிலிருந்து 5 கிலோவாகக் குறைத்தார்.

கடன் வாங்கிய விவசாயிக்குக் கொடுக்க, நிலமே இல்லாதவன் தட்டிலிருந்து இரண்டு கிலோ அரிசியை எடுத்தார்கள். அன்னபாக்யா சித்தராமையாவின் திட்டம். அவர் குமாரசாமிக்குக் கடிதம் எழுதினார். காங்கிரஸ் உறுப்பினர்களும் அவையில் முணுமுணுத்தார்கள். விவாதத்துக்குப் பதில் சொன்னபோது குமாரசாமி இறங்கி வந்தார். 7 கிலோ மீண்டும் 7 கிலோ ஆனது.

இந்த பேரத்தில் ஆளுநர் இல்லை, நீதிமன்றம் இல்லை. பேசிய இருவரும் ஓட்டு வாங்கி வந்தவர்கள், அடுத்த முறையும் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டியவர்கள். யாருக்கு என்ன கிடைத்தது, யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பது கிலோ கணக்கில் வெளியே தெரிந்தது. அவை விவாதம் நடந்ததால்தான் அரிசி திரும்பி வந்தது.

அவையே கைவிட்டால்?

ஆளுநர்களைக் குறை சொல்வது எளிது, சொல்லவும் வேண்டும். ஆனால் சட்டமன்றம் தன் கையில் இருக்கும் பணத்தை எப்படிக் காக்கிறது என்று பார்த்தால் மனம் கனக்கிறது.

2025 மார்ச் 7 அன்று சித்தராமையா தன் 16-ஆவது பட்ஜெட்டை வைத்தார். ரூ.4,09,549 கோடி. கர்நாடகத்தில் ராமகிருஷ்ண ஹெக்டே போட்ட 13 பட்ஜெட்டுகள்தான் நெடுநாள் சாதனையாக இருந்தது. அதைச் சித்தராமையா 2023-லேயே தாண்டியிருந்தார். தேர்தலில் வாக்குக் கொடுத்த ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்கு மட்டும் ரூ.51,000 கோடிக்கு மேல் ஒதுக்கியிருந்தார். மார்ச் 21 அன்று விவாதத்துக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது அவை ரணகளமானது. 4 சதவீத ஒதுக்கீடு மசோதா, அமைச்சர் ஒருவர் எழுப்பிய ஹனி டிராப் புகார் இரண்டையும் வைத்து பா.ஜ.க. உறுப்பினர்கள் பேரவைத் தலைவர் யு.டி. காதரின் மேடை மீதே ஏறி, மசோதா நகல்களைக் கிழித்து வீசினார்கள். அவர்களில் 18 பேரை ஆறு மாதம் இடைநீக்கம் செய்தார்கள். மே மாதமே அதை ரத்து செய்துவிட்டார்கள். அந்த அமளிக்கு நடுவே நிறைவேறியவற்றில் ஒன்று: முதல்வர், அமைச்சர்கள், உறுப்பினர்களின் சம்பள உயர்வு. உறுப்பினர் சம்பளம் ரூ.40,000-லிருந்து ரூ.80,000, முதல்வருடையது ரூ.75,000-லிருந்து ரூ.1,50,000.

சம்பளம் உயரட்டும், எனக்கு அதில் பகை இல்லை. நான்கு லட்சம் கோடிக் கணக்குக்கு முதல்வர் பதில் சொல்லும் நாளில், அதைக் கேட்டுக் குறுக்குக் கேள்வி போட வேண்டியவர்கள் காகிதம் கிழித்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் வேதனை.

பணத்தைப் பங்கிடும் பேச்சு அவைக்கு வெளியே போய்விட்டது. அதே பட்ஜெட்டில் ரூ.8,000 கோடிக்கு ஒரு உள்கட்டமைப்புத் திட்டம் இருந்தது. உத்தரவாதத் திட்டங்களுக்கே பணம் போய்விடுகிறது, தொகுதியில் ஒரு ரோடு போட முடியவில்லை என்று ஆளுங்கட்சி உறுப்பினர்களே முணுமுணுக்க, ஜூலையில் முதல்வர் அவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஆளுங்கட்சித் தொகுதிக்கு ரூ.50 கோடி என்று பேச்சு முடிந்தது. எதிர்க்கட்சித் தொகுதிகளில் குடியிருப்பவர்களும் அதே பெட்ரோல் வரியைத்தான் கட்டுகிறார்கள். எங்களுக்கு ஏன் அதே அளவு இல்லை என்று அவர்கள் கேட்டது நியாயம்.

அவை விழித்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் பெலகாவியில் ஒரு சாட்சி உண்டு. உத்தரவாதத் திட்டங்களில் ஒன்றான கிருஹலட்சுமியில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ரூ.2,000. அந்தப் பணத்தில் மருந்து வாங்குகிற, பள்ளிக் கட்டணம் கட்டுகிற பெண்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். 2025 பிப்ரவரி, மார்ச் தவணைகள் அவர்கள் கணக்குக்கு வரவே இல்லை. எல்லாம் கொடுத்தாகிவிட்டது என்பதே அரசின் பதிலாக இருந்தது. பெலகாவியில் நடந்த டிசம்பர் கூட்டத்தொடரில் பா.ஜ.க. விடாமல் கேட்டது. கடைசியில் அமைச்சர் லட்சுமி ஹெப்பால்கர், அந்த இரண்டு மாதம் போகவில்லை என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். மாதக்கணக்கில் வங்கி வாசலில் நின்ற பெண்களுக்குக் கிடைக்காத பதில், அவையில் ஒரு உறுப்பினர் ஆவணத்தோடு எழுந்து நின்றபோது கிடைத்தது. எந்த ஆளுநரும் இதைச் செய்திருக்க முடியாது.

கேரளத்தில் 1980 முதல் துறைவாரிக் குழுக்கள் இருக்கின்றன. பட்ஜெட் வைத்த பிறகு ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையையும் அந்தக் குழுக்கள் உட்கார்ந்து பார்க்கின்றன. எல்லாக் கட்சியினரும் அதில் உண்டு, கேமரா இல்லை, கூச்சலும் குறைவு. பெங்களூருக்கும் சென்னைக்கும் உடனே தேவைப்படுவது இப்படி ஒரு ஏற்பாடு என்பது என் உறுதியான எண்ணம். தமிழ்நாட்டில் மானியக் கோரிக்கை நாட்களில் பாதி நேரம் தலைவர்களைப் புகழ்வதிலேயே கழிவதைப் பார்த்துச் சலித்தவர்கள் நாம்.

டெல்லியோடு நடக்கிற கணக்கு

ஆளுநர் படிக்க மறுத்த பத்திகள் சொன்ன விஷயத்துக்கு வருவோம். கர்நாடகத்தின் குறை கற்பனை அல்ல. 14-ஆவது நிதிக்குழு மத்திய வரியில் கர்நாடகத்துக்கு 4.713 சதவீதம் தந்தது. 15-ஆவது குழு அதை 3.647 ஆக்கியது. அந்த இழப்பைக் கண்டு, இடைக்கால அறிக்கையில் பரிந்துரைத்த ரூ.5,495 கோடி சிறப்பு மானியமும் வந்து சேரவில்லை. 2023 வறட்சிக்கு ரூ.18,171 கோடி கேட்ட மாநிலம், உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு 2024 ஏப்ரலில் பெற்றது ரூ.3,454 கோடி. 2024 பிப்ரவரி 7 அன்று சித்தராமையாவும் அன்றைய துணை முதல்வர் டி.கே. சிவகுமாரும் அமைச்சர்களோடு ஜந்தர் மந்தரில் போய் உட்கார்ந்தது இதற்காகத்தான். 16-ஆவது நிதிக்குழு, நாட்டின் உற்பத்தியில் மாநிலத்தின் பங்களிப்பையும் ஒரு அளவுகோலாகச் சேர்த்து, கர்நாடகத்தின் பங்கை 4.13 சதவீதமாக உயர்த்தியிருக்கிறது. பழைய அளவு திரும்பவில்லை. ஆனால் புள்ளிவிவரங்களோடு இடைவிடாமல் வாதாடியதற்குப் பலன் இருந்தது.

அந்த வாதங்களை ஆளுநர் உரையில் எழுதி, டெல்லி நியமித்தவரையே படிக்க வைப்பதால் ஒரு ரூபாய் கூடுதலாக வராது. அது அரசுக்கும் தெரியும். ஆனால் அரசின் கொள்கையை அறிவிக்கும் உரையில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அமைச்சரவைதான். பிடிக்காவிட்டாலும் அதைப் படிப்பது அந்த நாற்காலியின் கடமை. படிப்பவரின் சொந்தக் கருத்து அது என்று யாரும் நினைக்கப் போவதில்லை. 2021-ல் பதவிக்கு வந்து, பா.ஜ.க. அரசு எழுதிக் கொடுத்த உரைகளைப் படித்தவர்தான் கெலாட்.

வேலை உறுதித் திட்டத்தின் 40 சதவீதப் பங்கு இனி எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வரும்? டெல்லி வரையறுத்த தொகை மார்கழியிலேயே தீர்ந்துவிட்டால் மாசியில் வேலை கேட்டு வருகிறவருக்கு மாநிலம் என்ன பதில் சொல்லும்? அதற்காக உத்தரவாதத் திட்டங்களில் கை வைப்பார்களா, கடனை ஏற்றுவார்களா, அரிசியில் மறுபடி இரண்டு கிலோ குறைப்பார்களா? விதான சவுதாவில் இருக்கும் 224 உறுப்பினர்களும் மேலவையின் 75 பேரும் மானியக் கோரிக்கை வரும்போது துறை துறையாகக் கேட்க வேண்டியவை இவை.